எட்டு மணிக் கிடா

ஏற்காட்டில் நான் வளர்ந்த இல்லத்தில் யாருக்கும் யாரோடும் ரத்தபந்தம் கிடையாது. ஆனால் உறவுமுறைக்குக் குறைச்சலே இல்லை. எங்களைப் பார்த்துக்கொண்டவர் அத்தை, வாட்ச்மேன் மாமா, பிள்ளைகள் எல்லாம் அண்ணன் தங்கை. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்காகச் சபைக்காரர்கள் நடத்திய இல்லம் அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சேலத்திலிருந்து சித்தப்பா என்னை பஸ்ஸில் கூட்டிவந்தார். கேட்டருகே நின்று, "எனக்குப் பயமில்லீங்க, ஊட்டுலதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். பிஸ்கட் வாங்கித் தந்திருந்ததால் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலையும் இரவும் எட்டு மணிக்கு மணியடிக்கும். வரிசையில் நிற்போம். மாத்திரை கசக்கும் என்று மலைவாழைத் துண்டுக்குள் அழுத்திக் கொடுப்பார் அத்தை. கூடவே ஒரு பிரசங்கம்: "ஆரம்பிச்சா ஒரு நாளும் உடக் கூடாது கண்ணுகளா. உட்டா உசுருக்கு ஆபத்து." பைபிள் வசனத்தைவிட இது எங்களுக்கு நன்றாக மனப்பாடம். இன்றைக்கும் எட்டு மணிக்கு என் போன் அடித்தால், காதில் விழுவது அத்தை குரல்தான்.

பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர், கிறிஸ்துமஸ் பிரியாணிக்கென்று ஒரு கிடா வளர்த்தார். வேலி என்று ஒன்று இருப்பதையே அது மதிப்பதில்லை. ஒரு நாள் காலை, அறுந்த செருப்பை மாட்டுவதற்காக என் வாழைத் துண்டைப் படியில் வைத்தேன். கிடா வந்து மாத்திரையோடு விழுங்கிவிட்டது. அத்தை அதை விரட்டிவிட்டு எனக்கு வேறு மாத்திரை தந்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

எனக்கு அப்படி இல்லை. கிடா ஆரம்பித்துவிட்டது. இனி ஒரு நாளும் விடக் கூடாது. இந்தப் பொறுப்பு யாருடையது? துண்டைப் படியில் வைத்தவன் நான்தானே.

மறுநாள் மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலியோரம் போனேன். வாழைத்தோலில் சுருட்டி அதற்கு ஊட்டினேன். இரவும் அப்படியே. கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றுகிற பெருமையில் பொறுத்துக்கொண்டேன்.

காட்டிக்கொடுத்தது கிடாதான். அடுத்த நாள் மணியடித்ததும் ஓடிவந்து, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது. எங்களில் சிலரைவிட ஒழுங்காகவே நின்றது. அத்தை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து மாத்திரைய என்ன பண்ணுன?"

சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். "பின்ன அது செத்துப் போயிராதா அத்தை?"

அடிக்க ஓங்கிய கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "அது மாத்தர இல்லாமயே பொழைச்சுக்கும் சாமி. நீயி பொழைக்கோணும்." அன்றிலிருந்து விழுங்கியதும் எல்லோரும் நாக்கை நீட்டிக் காட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. கிடாவுக்கு மாத்திரை கிடையாதாமே என்று எங்களுக்கு அதன்மேல் பரிதாபமாக இருந்தது.

வாட்ச்மேன் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்கும்போது கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கதை கொட்டச்சேடு கிராமம்வரை போய்ச் சேர்வதற்குள் கிடாவுக்கே அந்த வியாதி வந்துவிட்டிருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ரைட்டர் கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"டாக்டரயே கேட்டுட்டனுங்க. ஆட்டுக்கு ஒண்ணுமில்ல. தாராளமா ஆக்கிச் சாப்புடுங்க" என்றார் அத்தை.

"எனக்குப் பயமில்லீங்க. ஊட்டுலதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க." கயிற்றை கேட் கம்பியில் கட்டிவிட்டு ரைட்டர் விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

அத்தை கயிற்றை அவிழ்த்து, "உள்ள வா சாமி" என்றார். முதல் நாள் என்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

கிழடு தட்டும்வரை கிடா எங்களோடுதான் இருந்தது. எட்டு மணி அடித்தால் வரிசையில் நின்று வெறும் வாழைத் துண்டு வாங்கித் தின்னும். ரைட்டர் சொன்னதை அதே கேட்டில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. என் மாத்திரைதான் கிடாவைப் பிழைக்கவைத்தது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.