காதால் வாங்கிய வில்

சண்முகண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் சேலத்தில் மைதா மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய மகள் கவிதாதான் பேசினாள். "சித்தப்பா, பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பாத்தாராமுங்க. அப்பா எந்திரிக்கவே இல்லையாமா. நீங்க முன்னாடி போயிருங்க, நான் கெளம்பிட்டேன்." மிச்ச மூட்டைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு ஏற்காடு மலை ஏறினேன். எந்த வளைவில் எப்படித் திருப்பினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கரடியூர் போகும் சாலையில், காபித் தோட்டத்தை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டில், கட்டிலில் படுத்தபடியே இருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. முகத்தில் வேதனை எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துக்கத்துக்கு வந்த ஒருவர் என் காதருகே குனிந்து, "வில்லை வெச்சுக்கிட்டுச் சுத்துவாரே, அவருங்களா?" என்று கேட்டார்.

"சுத்தலைங்க, ஒரே எடத்துல நின்னாரு" என்றேன் சுள்ளென்று. துக்க வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரைக் காட்டெருதுக்குக் குறி வைக்கிற ஆள் என்றே நினைத்திருந்தார்கள். உயிருள்ள எதன் மேலும் அவர் அம்பைத் திருப்பியதில்லை. அவரைத் தெரியாதவர்களுக்கு இதையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஏற்காட்டில் பேக்கரி நடத்துகிறவன். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். சண்முகண்ணன் ஒரு சிறிய ரிசார்ட்டில் மேனேஜராக இருந்தார். காலையில் ரொட்டி போடப் போகிற இடத்தில்தான் பழக்கம். விருந்தாளிகள் பொழுதுபோகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று முதலாளி ஒரு வருடம் வில்லும் அம்பும் வாங்கிப் போட்டார். வந்தவர்கள் ஆளுக்கு நாலு அம்பு விட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பஜ்ஜி தின்னப் போய்விட்டார்கள். அதை விடாமல் பிடித்துக்கொண்டவர் சண்முகண்ணன் ஒருவர்தான். ஓய்வு பெற்றபோது அந்த விற்களில் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் மேடு. அதன் மேல் காபிச் சாக்கில் பழந்துணி திணித்துச் சாய்த்து வைத்திருப்பார். சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நானும் போய்விடுவேன். நான் விட்டால் அம்பு அந்தச் சாக்கைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். "ஏனுங்க ராஜு, சாக்கு மேல உங்களுக்கு என்னங்க அவ்வளவு எரக்கம்?" என்பார். அவருக்குக் கோபமே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுவேன்.

அந்தக் காலம் அப்படியே போயிருக்கலாம். ஆனால் அவர் மனைவி மல்லிகா அண்ணி மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார். முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். அதோடு ஒரு தலைவலியும் வந்து ஒட்டிக்கொண்டது. மிக்ஸி ஓடினால் துடித்துப் போவார், டி.வி. சத்தம் ஆகாது, பாத்திரம் விழுந்தால் கண்ணீர் வந்துவிடும். அண்ணன் வாசல் மணியைக் கழற்றினார். வீட்டுக்குள் செருப்புப் போடுவதை விட்டார். சட்னியை அம்மியில் அரைத்தார். ஒரு நாள் பின்பக்கம் அம்பு விட்டுவிட்டு உள்ளே வந்தவர், அண்ணி முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தார். தன் வில் சத்தமும் அண்ணியை வதைக்கிறதோ என்ற கவலை அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது.

அவருடைய பழைய வில் ரீகர்வ் என்கிற வகை. அதன் இரண்டு நுனிகளும் முன்பக்கமாகச் சுருண்டிருக்கும். அம்பு புறப்பட்டதும் நாண் திரும்பி வந்து அந்தச் சுருளில் அறையும். 'டப்'பென்று கேட்கும். நாணில் கம்பளி நூல் பஞ்சுகளைக் கட்டிப் பார்த்தார். நாணை முறுக்கி இறுக்கிப் பார்த்தார். கொஞ்சம் கனமான அம்புகள் போட்டுப் பார்த்தார். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அம்பு விடுவதையே நிறுத்திவிடலாமே என்று நான் சொன்னேன்.

"நாள் பூராம் ஊட்டுக்குள்ள அவ வலியைப் பாத்துக்கிட்டே இருக்கறனுங்க. அந்தச் சித்த நேரந்தான் நான் நானா நிக்கறது. அதையும் உட்டுட்டா எனக்குப் பைத்தியம் புடிச்சிருமுங்க" என்றார்.

அப்படித்தான் சத்தம் போடாத வில் ஒன்றைத் தேட ஆரம்பித்தார். நேரான லாங்போ வில்லில் நாண் எங்கேயும் அறையாது, சத்தம் கம்மி. ஆனால் வில்லைப் பிடித்த கையை உதறித் தள்ளும். அவருக்கு ஏற்கெனவே மணிக்கட்டு வலி. இரண்டுக்கும் நடுவில் ஹைப்ரிட் லாங்போ என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் உடம்பு லேசாக முன்னும் பின்னும் வளைந்திருக்கும், நாண் பூட்டினால் சாதாரண வில் போலவே நிற்கும், நுனியில் நாண் படாது, கையையும் அவ்வளவாக உதறாது. எந்நேரமும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கைபேசி வீடியோக்களில் ஒவ்வொரு வில்லின் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அண்ணா, வில்லைப் பாக்கறீங்களா, பாட்டுக் கேக்கறீங்களா?"

"அழகா இருந்து நான் என்னங்க பண்ண? அவ காதுக்குப் புடிக்கோணுமுங்க."

கைபேசியில் கேட்பதை நம்ப முடியவில்லை என்று, அண்ணியின் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போனார். கடைக்காரர் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போய் விற்களை வரிசையாக எடுத்து வைத்தார். சண்முகண்ணன் ஒன்றையும் தொடவில்லை. "நீங்க விடுங்க, நான் கேக்கறேன்" என்று அவருக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? பக்கத்துக் கிடங்கில் என்னைப் போகச் சொல்லி, "ராஜு, சித்த நேரம் நீங்க மல்லிகாவா இருங்க. அந்தப் பெட்டி மேல படுத்துக்குங்க. சத்தம் தலையில ஏறுதான்னு சொல்லுங்க" என்றார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகளின் மேல் படுத்துக் கிடந்தேன். இழுக்கப் பலம் அதிகம் வேண்டிய வில் ஒன்றைத் தள்ளிவிடக் கடைக்காரர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் மசியவில்லை. கடைசியாக ஒரு வில். அதில் அம்பு விட்டது எனக்குத் தெரியவே இல்லை. "இன்னும் விடலைங்களா?" என்று கத்தினேன். அண்ணன் உள்ளே ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அந்த வில்லைப் பின்பக்கம் எடுத்து வந்தோம். அண்ணியிடம் சொல்லவில்லை. தானாகத் தெரியட்டும் என்றார் அண்ணன். மத்தியானமே மஞ்சு என்று நாங்கள் சொல்லும் பனிமூட்டம் கவிந்துவிட்டது, சாக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது. அம்பு மேல் அம்பாக விட்டார். பூனை நடந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு பேரும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

வீட்டுக்குள் தொம்மென்று ஏதோ விழுந்தது.

ஓடினோம். அண்ணி கட்டிலுக்குக் கீழே கிடந்தார். எழுந்து நடக்க முடியாத மனுஷி, கதவுப் பக்கம் கையை நீட்டியபடி கிடந்தார். அண்ணன் வாரி எடுத்துக் கட்டிலில் கிடத்தினார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏனுங்க, எங்க போயிட்டீங்க? நொம்ப நேரமா உங்க சத்தமே இல்லீங்களே" என்று அழுதார் அண்ணி.

"பின்னாடிதாம்மா நின்னேன். உனக்குத் தலை வலிக்குமுன்னுதான் சத்தம் வராத வில்லு வாங்கியாந்தேன்."

"மிக்ஸி சத்தம்தானுங்க எனக்கு ஆகாது. உங்க வில்லு சத்தத்தை யாருங்க நிறுத்தச் சொன்னது? அது கேட்டா, நீங்க அங்க நிக்கறீங்கன்னு கண்ணை மூடிப் படுத்துக்குவேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க?"

இதைப் புரிந்துகொள்ள அண்ணி வளர்ந்த விதம் தெரிய வேண்டும். அவர் இந்த மலையிலேயே வாழவந்தி என்கிற ஊர்க்காரர். அப்பா அம்மா எஸ்டேட் கூலிகள். கல்யாணம் ஆகும் வரைக்கும் அவரும் காபிப் பழம் பறித்தவர்தான். மஞ்சு இறங்கிவிட்டால் அவர்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு வரிசையில் நிற்கிறவர்கள் மாற்றி மாற்றிக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வரிசையிலிருந்து குரல் வரவில்லை என்றால் அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டு அங்கே ஓட வேண்டும். காட்டெருது முட்டியிருக்கலாம், பள்ளத்தில் விழுந்திருக்கலாம். அப்படி வளர்ந்தவர் காதில் மஞ்சுக்குள் நின்ற புருஷனின் சத்தம் நின்றுபோனால், கட்டிலில் எப்படிக் கிடப்பார்?

அண்ணன் அவர் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அடுப்படிக்குப் போய்க் காபி போடுகிற சாக்கில் நின்றுகொண்டேன்.

மறுநாளே பழைய வில்லை எடுத்தார். நாணில் கட்டியிருந்த கம்பளிப் பஞ்சுகளைக்கூட அறுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. அம்பு சாக்கில் பட்டதா, மண்ணில் பட்டதா என்று உள்ளே படுத்திருக்கிற அண்ணிக்குக் காதிலேயே தெரியும். "மண்ணுலதானுங்க!" என்று ஜன்னல் வழியாகக் குரல் வரும். நான் விட்டால், "தம்பி, அது மாரமங்கலத்துக்கே போயிருச்சு போங்க" என்பார். அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அண்ணி போன வருடம் மழைக்காலத்தில் தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்து கவிதா கூப்பிட்டும் அண்ணன் கோயம்புத்தூர் போகவில்லை. "இங்கயே இருக்கறேன் கண்ணு" என்று அவளை அனுப்பி வைத்தார். ஒரு ஞாயிறு நான் போனபோது பெங்களூரில் வாங்கிய அந்த ஹைப்ரிட் வில்லோடு நின்றிருந்தார். உறையிலேயே கிடந்த வில். மனசு தேறி நல்ல வில்லை எடுத்துவிட்டார் என்று நினைத்து, "இனிமே மணிக்கட்டு வலியில்லாம விடலாமுங்க" என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்?

அவர் தலையை ஆட்டினார். "அதுக்கில்லைங்க ராஜு. பழசுல விட்டா டப்புனு கேக்குது. கேட்டதும் காது ஜன்னல் பக்கம் போயி நின்னுக்குது. அவ எதாச்சும் சொல்லுவான்னு. சொல்ல மாட்டேங்கறா. அதுக்கு இது பரவாயில்லைங்க."

அன்றைக்கும் மஞ்சு இருந்தது. அவர் பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்றும் அவர் தனியாகத்தான் நின்றார். அதற்குப் பிறகு நான் வாரத்தில் இன்னொரு நாளும் போக ஆரம்பித்தேன். கடைசி வரைக்கும் அந்த ஒரு வில்லைத்தான் எடுத்தார்.

அவரைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த பிறகு, கவிதா இரண்டு வில்லையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "எதுங்க வேணும் சித்தப்பா?" என்றாள். யோசிக்கவில்லை. பழையதை எடுத்தேன்.

நேற்று ஞாயிறு. மஞ்சு இறங்கியிருந்தது, வீடு பூட்டியிருந்தது. பின்பக்கமாகப் போய் நின்றேன். சாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மண் மேடுதான் இருந்தது. அதைப் பார்த்தே ஒரு அம்பு விட்டேன். 'டப்'பென்றது. கொஞ்ச நேரம் நின்றேன். இன்னொன்று விட்டேன். சுற்றிலும் ஒரு குரல் இல்லை.

அண்ணா, அங்கே அண்ணியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் காது நல்ல காது. இங்கே நான் ஒருத்தன் மஞ்சுக்குள்ளே சத்தம் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வேறு வரிசையில் ஆள் இல்லைங்க அண்ணா.