மகேஸ்வரி டீச்சர் பேசாமல் நடத்திய பயிற்சி

செய்தி வந்தபோது நான் காம்பாரில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் இருந்தேன். வேறு பாடங்களிலிருந்து அறிவியலுக்கு மாற்றப்பட்ட ஆசிரியர்கள் வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. மகேஸ்வரி டீச்சரின் மகள் யாழினி எழுதியிருந்தாள்: “ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஓர் ஆசிரியை, “டீச்சர், எல்லாம் கறுப்பா இருக்கு, ஒன்னும் தெரியல” என்றார். நான் போய் நுண்ணோக்கியின் கண்ணாடியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். செல்கள் தெரிந்ததும் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பயிற்சி முடிந்து, தகடுகளைக் கழுவி அடுக்கிய பிறகுதான் அவர்களிடம் சொன்னேன். அந்த ஆசிரியை, “ஏன் டீச்சர் அப்பவே சொல்லல? நாங்க வீட்டுக்குப் போயிருப்போம்லா” என்று கேட்டார். நான் பெட்டியை மூடினேன்.

ஈப்போவுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்றே நினைவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நன்றாக நினைவிருக்கிறது. கோப்பெங்கில் பெட்ரோல் போட்டேன். மிச்சமிருந்த வெங்காயத்தைப் பையில் போட்டு முன்னிருக்கையில் வைத்திருந்தேன். அது மகேஸ்வரி டீச்சர் வழக்கமாக உட்காரும் இருக்கை. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள். பேராக் மாநிலத்தில் இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை அவரும் நானும் சேர்ந்து செய்தோம். அவருக்கு வேதியியல், எனக்கு உயிரியல். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது குடும்பத்தோடு குனோங் ராபாட்டுக்கு வந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். அவருடைய குரலை மறந்திருக்க மாட்டீர்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். “இது எதுக்கு? எங்க தோட்டத்து லயத்துல கடைசி வீட்டுக்குக் கேக்குற மாதிரிதான் எங்கம்மா என்னைக் கூப்புடுவாங்க. எனக்கும் அதே தொண்டை.”

அவர் எளிதான மனிதர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தவர்களைப் பெயர் சொல்லி நிறுத்திவைப்பார். பாடக்குறிப்பை இணையத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த ஓர் இளம் ஆசிரியையைக் கேள்விமேல் கேள்வி கேட்டு அழவைத்தார். மதியம் அவரே கடைக்குப் போய் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டைப் பொட்டலமாகப் புங்குஸ் பண்ணிக்கொண்டு வந்தார். ஆனால் மன்னிப்பு கேட்கவில்லை.

குரல் நன்றாக இருந்த காலத்தில் நடந்த ஒன்று. ஐந்தாம் படிவ வகுப்பு வேதியியலில் ரப்பர் பால் உறைவது ஒரு பாடம். அமிலம் சேர்த்தால் சீக்கிரம் உறையும், அம்மோனியா சேர்த்தால் உறையாது. இப்போது ரப்பர் பாலுக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் காணொளியைப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அக்கா சுங்கை சிப்புட்டில் சொந்த நிலத்தில் இன்னும் பால் வெட்டும் ஒருவரைத் தேடிப் பிடித்து, விடியற்காலைப் பாலை வாங்கிக்கொண்டு வந்தார். என் வண்டியில் அந்த வாடை போக வெகுநாள் ஆனது. ஈப்போவில் நடந்த பயிற்சியில் காலை முழுவதும் அவரே பேசினார். பாலில் இருக்கும் துகள்கள் எல்லாம் ஒரே மின்னூட்டம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று நெருங்காது. “சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி. ஒரே மண்டபத்துல இருப்பாங்க, பக்கத்துல உக்கார மாட்டாங்க. அமிலம் வந்துதான் சமாதானம் பண்ணி வைக்கணும்.” கூடம் முழுக்கச் சிரிப்பு. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து, அந்தப் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கப் போனோம். அவரும் சிரமப்பட்டுப் பால் வாங்கி வைத்திருந்தார். சம்பந்தி கதையை மலாயில் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். பால் இருந்த கண்ணாடி முகவை அவருடைய மேசைமேலேயே இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண், “சார், தொட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டாள். “அப்புறம்” என்றார். விளக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

வண்டியில் ஏறியதும் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு சொன்னார்: “என் ஜோக்கையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டான்லா. பாலை மட்டும் விட்டுட்டான்.”

“அவருக்கு நேரம் பத்தலக்கா” என்றேன்.

“அவன் மேல தப்பு இல்ல. நான் எப்படி நடத்தினேனோ அப்படித்தான் அவன் நடத்துறான். நம்ம பயிற்சியிலயும் யாரும் பாலைத் தொடல.” பிறகு, “பேசாம இருன்னா எனக்கு வர மாட்டேங்குது விமலா” என்றார். அது உண்மைதான். அடுத்த பயிற்சியிலும் அவரே பேசினார்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், புற்று என்றார்கள். அறுவை சிகிச்சையில் குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. கண்விழித்த அக்காவுக்குக் காற்று மட்டுமே வந்தது. மாதங்கள் போன பிறகும் ஒரு கிசுகிசுப்புதான் மிஞ்சியது.

அலுவலகத்தில் அவரைக் கோப்பு வேலைக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது. மேலதிகாரி கெட்டவர் இல்லை. குரல் இல்லாதவர் எப்படிப் பயிற்சி கொடுப்பார் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்கா என்னைக் கைகாட்டினார். நான் பக்கத்தில் நின்று அவர் சொல்வதை உரக்கச் சொல்வது என்று ஏற்பாடு. ஒரு பயிற்சியை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அதிகாரி ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் மோசமாகப் போனது. அவர் என் காதருகில் சொல்வார், நான் கூட்டத்துக்குச் சொல்வேன். சொல்லும்போதே விளக்கம் சேர்ப்பேன், உதாரணம் சேர்ப்பேன். திரும்பும் வழியில் அவர் என் தோளைத் தட்டினார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சைகை காட்டினார். இயந்திரச் சத்தத்தில் அவர் பேசுவது கேட்காது.

“நான் அஞ்சு வார்த்தை சொன்னா நீ அம்பது சொல்ற.”

“புரியணும்லக்கா.”

“யாருக்கு?” என்றார். பிறகு, “நாளைக்குத் தாப்பா பயிற்சியில நீயும் பேசாத” என்றார்.

தாப்பாவில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வந்திருந்தவர்களில் ரோஸ்லான் என்ற மலாய் ஆசிரியர் ஒருவர். பல காலம் வரலாறு கற்பித்தவர். ஆள் பற்றாக்குறையால் முதல் படிவத்துக்கு அறிவியலும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே என்னிடம், “வரச் சொன்னார்கள், வந்தேன். அறிவியல் எனக்குப் பள்ளியிலேயே பிடிக்காது” என்று மலாயில் சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு போத்தல் நிறையத் தண்ணீரை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு துண்டு ஸ்ட்ரா மடிக்கப்பட்டு, கிளிப் மாட்டி மிதந்துகொண்டிருந்தது. மூடி இறுக்கியிருந்தது. போத்தலை அழுத்தினார். ஸ்ட்ரா கீழே இறங்கியது. கையை எடுத்தார். மேலே வந்தது. இன்னொரு முறை செய்தார். பிறகு எல்லா மேசையிலும் போத்தலும் ஸ்ட்ராவும் கிளிப்பும் இருப்பதைக் கையால் காட்டிவிட்டு, மாணவர்களுக்கான முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அசையவில்லை. விளக்கம் வரும் என்று காத்திருந்தார்கள். பேனாவைத் திறந்துவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இது இப்படியே போனால் அக்காவுக்கு இந்த வேலை இல்லை. வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

ஒருவர் எழுந்து, “காற்றழுத்தம்” என்றார். அக்கா தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. சொன்னவர் குழப்பத்தோடு உட்கார்ந்தார்.

கடைசியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்தவர் ரோஸ்லான். அவருக்குப் பொறுமை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முன்னால் வந்து அக்காவின் போத்தலை எடுத்து அழுத்தினார். விட்டார். முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மெதுவாக அழுத்தினார். “ஸ்ட்ராவுக்குள்ளே தண்ணீர் ஏறுகிறது” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர், “எங்கே?” என்று எழுந்து வந்தார். இன்னொருவர் அப்படியில்லை என்றார். பார்த்துவிட்டுப் பேசலாம் என்று தங்கள் போத்தலை எடுத்தார்கள். அதன்பிறகு கூடத்தில் நடந்த சத்தத்தில் அக்கா கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. ஒரு போத்தல் கவிழ்ந்து பாடக்குறிப்புகள் நனைந்தன. ஒரு குழுவுக்குக் கடைசிவரை ஸ்ட்ரா மூழ்கவே இல்லை. அக்கா முக்காலியை மேசைக்கு மேசை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். யாராவது காரணம் சொன்னால் மலாயில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “காட்டுங்கள்.” அதைக் கேட்க எல்லாரும் குனிய வேண்டியிருந்தது.

அதிகாரி எல்லாரும் போன பிறகு எங்களிடம் வந்தார். “பாடத்திட்டத்தில் பாதிகூட முடியவில்லையே” என்றார். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். நான் அதை மட்டும் உரக்கச் சொன்னேன்: “ஆமாம்.” அதிகாரி கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். “இந்த வருடம் தொடருங்கள். அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் முழுவதும் அப்படித்தான் நடத்தினோம். சில பள்ளிகளில் எங்களைப் பற்றிப் புகார் போனது, பயிற்சியில் ஒன்றுமே சொல்லித்தரவில்லை என்று. அக்கா அதைக் கேட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். நான் அவருடன் இருந்ததில் அதுதான் நல்ல வருடம்.

அடுத்த வருடம் வருவதற்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. வேலையை விட்டு வீட்டில் இருந்தார். வாரந்தோறும் போய்ப் பார்த்தேன். எந்தப் பள்ளிக்குப் போனேன், யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லச் சொல்வார். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையை உயர்த்தினார்.

“அழாத விமலா. நீ அழுதா நான் ஏதாவது சொல்லணும். எனக்கு இருக்குற காத்து கொஞ்சந்தான். அதை வேற எதுக்காச்சும் வச்சுக்குறேன்.”

அன்றிலிருந்து அவர் முன்னால் நான் அழவில்லை. அது பழகிவிட்டது. இப்போது அழலாம் என்றாலும் வரவில்லை.

சாவு வீட்டுக்கு ரோஸ்லான் வந்திருந்தார். கூடாரத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அருகில் போனேன். “இன்னும் எனக்கு அறிவியல் பிடிக்கவில்லை” என்றார். “ஆனால் அந்த வருடம் அவர் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியுமா?” எனக்குத் தெரியாது. பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, பின்வரிசையில் மிகவும் பின்தங்கிய பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர்களோடு பாடம் செய்தாராம். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாராம். “ஒருநாள் கேட்டேன், நான் எப்படி நடத்துகிறேன் என்று. ‘எனக்குப் பக்கத்தில் இருக்கிற பையன் இன்றைக்குத் தூங்கவில்லை’ என்றார். அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு ரோஸ்லான் தலை குனிந்துகொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மின்சுடலைக்குப் போகும்போது எங்கள் ஊர் ஆண்களோடு அவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

கருமக்கிரியை முடிந்த அன்று யாழினி ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே மின்சுற்றுப் பாடத்துக்கான சிறிய பல்புகள்.

“பாதி எரியாது ஆன்ட்டி. வீசிடலாமான்னு கேட்டா அம்மா விடமாட்டாங்க. எரியாததும் வேணும்பாங்க. தனித்தனியா பிரிச்சு வைக்கவும் விடமாட்டாங்க.”

மறுபடியும் தாப்பாவில் பயிற்சி வந்தது. இந்த முறை தனியாகப் போனேன். பைக்குள் கையை விட்டு, வந்த பல்பை வந்தபடி மேசைகளில் வைத்தேன். ஓர் இளம் ஆசிரியர் கம்பிகளை மாற்றினார், மின்கலத்தை மாற்றினார், எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து செய்தார். பிறகு பக்கத்து மேசையின் பல்பைக் கழற்றித் தன்னுடையதில் போட்டார். எரிந்தது. கொஞ்சம் கோபமாகவே என்னிடம் வந்தார்.

“டீச்சர், என் சர்க்கிட்டு சரிதான். நீங்க கொடுத்த பல்புதான் கெட்டுப்போயிருக்கு. உங்களுக்கு முன்னயே தெரியும்தான?”

“தெரியாது” என்றேன்.

அவர் அந்தப் பல்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை மறுபடியும் அதே பையில் போட்டேன். மகேஸ்வரி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பைதான். அதை நான் பிரித்து வைக்கப்போவதில்லை.