இரண்டாவது குழி

புது வீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். அவர் அரிசி மண்டியில் வேலை பார்த்தவர். அக்காவுக்கு ஆரணியில் பட்டு நெய்யும் மாப்பிள்ளை நிச்சயமாகி, அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கக் கண்ணமங்கலத்திலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். வாசலில் குவித்திருந்த மணலில் ஒரு பிடி அள்ளி, அரிசியைப் பார்ப்பது போலவே உள்ளங்கையில் பரப்பி ஊதினார் அப்பா. மண் கலப்பில்லை என்றார். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார்.

வீடு முடிந்து பால் காய்ச்சிய பிறகு கல்யாணம் என்று பேச்சு. அந்தப் பேச்சில் இன்னொன்றும் இருந்தது. அக்கா டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தாள். பெண் தறியில் உட்கார வேண்டாம், வேலைக்குப் போகட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மாவே எங்கள் வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தார். அக்கா வேறெதுவும் கேட்கவில்லை.

அம்மா மணலையும் தொடவில்லை, சுவரையும் தொடவில்லை. ஆரணியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். நேராகக் கூடத்துக்குப் போய்த் தரையைப் பார்த்தாள். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பதற்கான தறிக்குழிகள் அங்கே இரண்டு இருந்தன. ஒன்று தெருப்பக்க ஜன்னலை ஒட்டி. மற்றது பின்சுவரோரம், இருட்டில். மாப்பிள்ளைக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவருடைய அப்பா கண் மங்கி நெசவை விட்டு வெகு நாளாகியிருந்தது.

யாரும் கேட்காமலே மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: “சும்மா இருந்துகினு போவட்டும்னு தோண்டி வெச்சோம் சம்மந்தி. தரை போட்டப்பறம் தோண்ட முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இரண்டாவது குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே இறக்கினாள்.

“வீடு பாக்க வந்தமா, சேலை நெய்ய வந்தமா?” என்று அப்பா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எதிரே தறி இருப்பது போலக் கைகளை நீட்டி, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க ஒரு ஜன்னல் வெச்சிடுங்க. இந்த இருட்டுல பட்டு இழை அறுந்தா கண்ணுக்குத் தெரியாது.”

சம்மந்தியம்மாளின் சிரிப்பு நின்றது. ஜன்னலுக்கெல்லாம் மரம் வாங்கியாகிவிட்டது என்றார். சுவரை இடிக்கச் சொன்னால் மேஸ்திரி கோபித்துக்கொள்வார் என்றார். அம்மா ஒன்றையும் மறுக்கவில்லை. குழியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில், சரி, வைத்துவிடுகிறோம் என்று அவர் சொன்ன பிறகுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா குறைப்பட்டுக்கொண்டார். அடுத்தவர் வீட்டில் போய் ஜன்னல் கேட்பது என்ன மரியாதை என்றார். கேட்பதென்றால் குழியைப் பற்றி அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“பத்திரிகை அடிச்சி ஊரெல்லாம் வெச்சாச்சு,” என்றாள் அம்மா. “இனிமே ஜன்னல்தாங்க கேக்க முடியும்.”

எனக்கோ சந்தோஷம். எங்கள் அம்மா கேட்டு ஒரு வீட்டின் சுவரையே மாற்றுகிறார்கள். தெரு முனையிலிருந்தே ஓடி, அக்காவிடம் முதல் ஆளாக நான்தான் சொன்னேன்.

“அம்மா உனக்குன்னு ஒரு ஜன்னல் வெக்கச் சொல்லிச்சுக்கா. அவங்களும் வெக்கறோம்னுட்டாங்க.”

அக்கா சிரித்தாள். எந்த ரூமில் என்று கேட்டாள்.

“ரூமுல இல்ல. உன் தறிக்குழிகிட்ட.”

அக்கா நிமிர்ந்து, வாசலில் வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். கழற்றுவதற்கு வெகு நேரம் ஆனது. அக்கா உள்ளே போனாள். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருப்பதை நான் சொல்லாமல் விட்டதுதான் குறை என்று நினைத்து, அதையும் சொல்ல அவள் பின்னாலேயே ஓடினேன்.