தங்கலா, தங்கலாமா?

சிலுவைக்கு மீன்பிடித் துறைமுகத்தில் இன்னொரு பெயர் உண்டு. விசாரணை. விசைப்படகு டிரைவர் வேலை. ஒரு ஜோடி செருப்பு வாங்குவதென்றாலும், இது மழையில் ஊறுமா, ஊறினால் யார் பொறுப்பு என்று கேட்டுக் கேட்டே கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவான். பெண் பார்க்கப் போன இடத்தில் விஜிலாவிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "கோவம் வந்தா பேசவே மாட்டீங்களா, இல்ல ரொம்பப் பேசுவீங்களா?" என்பதுதான். "வரும்போது பாத்துக்கிடலாம்" என்றாள் அவள். அந்தப் பதிலில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தடவை தங்கியது, ஒன்றுக்கு இரண்டாக. வீடே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ரெண்டு குழந்தைக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒண்ணுக்கு ரத்தம் கூடவும் இன்னொண்ணுக்குக் குறையவும் போகலாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாக்கணும். முன்னாடியே பிறந்தாலும் பிறக்கும். அதனால, பிறந்த குழந்தைக்கு ஐசியூ இருக்கிற இடமா இப்பவே பாத்துக்கோங்க" என்றார்.

எங்கே பார்ப்பது என்பதில் வீட்டில் சண்டை மூண்டது. சிலுவையின் அம்மா பிளாரன்சுக்குக் கேள்வியே எழவில்லை. மாதா கோயில் தெருவில் எமில்டா டாக்டர் இருக்கிறார். சிலுவை உட்பட அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் பிறந்தவர்கள்.

"ஒன்னயும் ஒந் தம்பியயும் எடுத்த கைல அது. அவிய இருக்கும்போது வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, பூசையில அவிய முகத்துல எப்படில முழிப்பேன்?"

எமில்டா டாக்டர் வைத்திருப்பது நாலு அறை. அதில் ஐசியூ கிடையாது. அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

நல்லவேளையாக அது தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள், தூங்கினார்கள், தூங்கி எழுந்து மறுபடியும் சீட்டாடினார்கள். சிலுவை பைக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரிக்கக் கிளம்பினான்.

அவனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. குழந்தை டாக்டர் ராத்திரியிலும் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா? அதைக் கேட்க அவனிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. தூத்துக்குடி விசைப்படகுகள் விடியும்முன் போய் ராத்திரிக்குள் கரை திரும்பிவிட வேண்டும். இரவிலும் கடலிலேயே கிடந்து மீன் பிடித்தால் அதற்குப் பெயர் தங்கல். சிலுவை கொச்சிப் பக்கம் சில வருஷம் தங்கல் படகில் இருந்தவன். எந்த வேலையாக இருந்தாலும் அவனுக்கு இரண்டே வகை. ஒன்று அன்றன்றைக்குத் திரும்புவது, இன்னொன்று தங்கல்.

பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருந்த ஆஸ்பத்திரியில் ஐசியூ இருந்தது. லிஃப்ட் இருந்தது. கீழேயே காபிக் கடையும் இருந்தது. குழந்தை டாக்டர் நல்ல கைராசிக்காரர் என்று பேர். சிலுவை வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய்க் குனிந்து, "குழந்தை டாக்டரு தங்கலா?" என்று கேட்டான்.

அவளுக்கு ஒரு காதில் போன், இன்னொரு காதில் இவன். "தங்கலாம் சார்" என்றாள் சிரித்தபடி. "தாராளமா தங்கலாம்."

அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. விசாரணை என்று பேர் வாங்கிய மனுஷன், வாழ்க்கையிலேயே முக்கியமான கேள்வியை ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான். வீட்டில் வந்து, "டாக்டரு தங்கல், ஏளா. ராப்பகலா அங்கனதான் கிடப்பாராம்" என்று பெருமையாகச் சொன்னான். விஜிலாவுக்கும் நிம்மதிதான். பிளாரன்ஸ் மட்டும் அதற்குப் பிறகு பூசைக்குப் போனால், எமில்டா டாக்டர் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள்.

அடுத்த ஸ்கேனுக்கு அங்கேயே போனார்கள். விஜிலா உள்ளே காத்திருந்தபோது சிலுவை வாசல் டீக்கடைக்கு வந்தான். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட கார் டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியுமா நம்ம ஆளுக்கு?

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை. இங்கன குழந்தை டாக்டரு இருக்காருல்லா, அவுரு வண்டிதான். காலையில கூட்டிட்டு வாரேன், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருதேன்."

சிலுவையின் கையில் டீ அப்படியே நின்றது. "அதுக்குப் பொறவு ஒரு பிள்ளை பிறந்தா?"

"போன் போடுவாவ. வந்துருவாரு. ரோடு நல்லாத்தான இருக்கு, ஒரு மணி நேரந்தான்."

சிலுவை டீயை வைத்துவிட்டு வரவேற்புக்கு ஓடினான். அதே பெண் இருந்தாள். "ஏம்மா, டாக்டரு தங்கல்னு சொன்னீங்களே?" என்று கேட்டான்.

"ஆமா சார், தங்கலாம்" என்றாள் அவள், முன்பு போலவே அன்பாக. "பேஷண்ட் கூட ஒருத்தர் தங்கலாம். ஏசி ரூம்னா ரெண்டு பேர்கூடத் தங்கலாம்."

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் கோவில்பட்டிக்காரி. கடலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்கு வந்து விஜிலாவிடம் விஷயத்தைச் சொன்னான். முதலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்றாவது தடவையும் கைவிட்டுப் போகுமோ என்ற அந்தப் பயத்தை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"எனக்கு லிஃப்டும் வேண்டாம், காபியும் வேண்டாம். ரெண்டும் அழுத சத்தம் என் காதுல விழணும். அதுக்கு எங்க போகணும்னு ஊரெல்லாம் கேட்டீங்க. எமில்டா டாக்டர்ட்ட மட்டும் இதுவரைக்கும் கேக்கல."

உண்மைதான். யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கிறவனுக்கு, அவரிடம் போய் நிற்க மட்டும் தைரியம் வரவில்லை. தன்னை முதன்முதலில் தூக்கிப் பிடித்தவரிடம் போய், உங்கள் இடம் போதாது என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் போனான். எமில்டா டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலே சிலுவ, உங்கம்மா என்னப் பாத்தா தூணுக்குப் பின்னால ஒளியுதாளே, அது இதுக்குத்தானா?"

சிலுவை தலையாட்டினான்.

"நீ கேட்டாலும் இத நான் பாக்க மாட்டேன்ல. ஒரே நஞ்சுக்கொடி ரெட்டப் பிள்ளைய இந்த நாலு ரூமுக்குள்ள வச்சுகிட்டு, மூச்சுத் திணறினா நான் என்ன செய்யதுக்கு? பெரியாஸ்பத்திரிக்குப் போ. கூட்டமாத்தான் இருக்கும். ஆனா பச்சப்புள்ளைங்களுக்குன்னு ஐசியூவோட தனி வார்டு இருக்கு. எத்தனையோ பேர அங்க அனுப்பிருக்கேன். ஒன்ன அனுப்ப மாட்டனா?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு அம்மா..."

"அவள மொதல்ல முன் பெஞ்சுல வந்து உக்காரச் சொல்லு."

ஒரு மாதமாக அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த நொடியில் இறங்கிப் போனது.

பெரியாஸ்பத்திரியில் கூட்டம் தேர்க்கூட்டம்தான். வரிசையைப் பார்த்ததுமே சிலுவைக்கு மனசு பின்வாங்கியது. ஆனாலும் குழந்தைகள் வார்டு வாசலில் வந்த நர்சை நிறுத்தினான். இந்தத் தடவை ஜாக்கிரதையாக, சுத்தமான தமிழில், "குழந்தை டாக்டர் இரவு நேரத்திலும் மருத்துவமனையிலேயே இருப்பாரா, அல்லது..." என்று இழுத்தான்.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், கயிறு இழுத்துக் காய்த்த கை. அவள் பெயர் ஜெபசெல்வி. படகுக்காரர்கள் நிறைந்த திரேஸ்புரத்துக்காரி.

"அண்ணே, போட்டுக்குப் போறவியளா?"

"ஆமா."

"தங்கல்தாண்ணே. ஒருத்தரு கரை ஏறணும்னா இன்னொருத்தரு வந்து இறங்கணும். வார்டு ஒரு நேரமும் ஆளில்லாமக் கிடக்காது."

சிலுவைக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விஜிலாவுக்கு அங்கேயே பதிவு செய்தான்.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில், நாள் ஆகும்முன்னே விஜிலாவுக்கு வலி கண்டது. ஆட்டோவில் ஏறியபோது டிரைவர் பழக்கத்தில் எமில்டா டாக்டர் தெருவுக்குள் திருப்பப் போனான். "பெரியாஸ்பத்திரிக்கு விடுல" என்று அதட்டியது பிளாரன்ஸ்தான்.

சாயங்காலம் ஏழு மணி வாக்கில் உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. பிளாரன்ஸ் சிலுவைக்குறி போட்டாள். அடுத்த சத்தம் வரவில்லை. சிலுவை கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் குழந்தை டாக்டரைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போகும் கார் இந்நேரம் வல்லநாடு தாண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்தது. உள்ளே யாரோ சுருக்கமாக ஏதோ சொன்னார்கள், யாரோ வேகமாக நடந்தார்கள். அதன் பிறகுதான் அது வந்தது. பூனைக்குட்டிச் சத்தம் அளவுக்கு, ஆனால் சந்தேகமே இல்லாமல், இரண்டாவது அழுகை.

கொஞ்ச நேரம் கழித்து ஜெபசெல்வி வெளியே வந்தாள். "ரெண்டும் பொம்பளப்பிள்ளைண்ணே. மதினி நல்லா இருக்காவ. ரெண்டு சத்தத்தையும் கேட்டுட்டாவ. சின்னவ மூச்செடுக்கக் கொஞ்சம் பிந்திட்டா. டாக்டரு பக்கத்துலயே நின்னாவ, பயமில்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு அவ எங்ககிட்ட இருக்கணும்."

பிளாரன்சுக்கு விளங்கவில்லை. "பெத்த பிள்ளைய ஏன்ல தர மாட்டேங்காவ?"

"சின்னவ தங்கல் போயிருக்காம்மா" என்றான் சிலுவை. "கூட ஆளு இருக்கு."

புருஷனையும் பிள்ளைகளையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தே வயசானவள் பிளாரன்ஸ். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சரி, வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

திருவிழா முடிந்து சப்பரம் கோயிலுக்குள் போன பிறகுதான் சின்னவள் கரை வந்தாள். ஜெபசெல்வி அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து சிலுவையின் கையில் வைத்தாள். "கேக்க வேண்டியதெல்லாம் இப்பமே கேட்டுக்கிடுங்கண்ணே" என்றாள்.

சிலுவை வாயைத் திறந்தான். சின்னவள் கண்ணை இடுக்கி அவனைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றது. கண்ணீர் மட்டும் வந்தது.

"ஏதாவது கேளுங்க" என்றாள் விஜிலா, பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு.

கேட்க அவனிடம் ஒன்றும் இல்லை.