உறை வந்தது, பதில் வரவில்லை

சாட்சி பேசும் மொழிக்குரிய மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் அவரது வாக்குமூலம் பதிவாக வேண்டும் என்பது விதி. அந்த மொழியில் ஐயம் எழுந்தால் நீதிபதியே முடிவு செய்யலாம் என்று அடுத்த வரி சொல்கிறது. மலாக்கா நீதிமன்றத்தில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலம் முழுவதும் அடுத்த வரியை யாரும் படித்ததில்லை. எங்கள் நீதிபதிக்கு அது மனப்பாடம்.

வெள்ளைக்காரன் காலத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஜப்பான்காரன் காலத்தைக் கடந்து, மெர்டேக்கா என்ற சுதந்திரத்துக்குப் பிறகு நீதிபதி நாற்காலியில் இருந்தவர் அவர். தேநீரை மலாயில் கேட்பார், தோட்டக்காரரைத் தமிழில் திட்டுவார். ஆனால் இருக்கையில் ஏறிவிட்டால் ஆங்கிலம் தவிர எதுவும் அவர் காதில் விழாது. சாட்சி சொன்னதைக் கேட்டு அவையே சிரித்தாலும், நான் மொழிபெயர்த்த பிறகுதான் அவர் சிரிப்பார்.

மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் காஜா பேராங் என்ற பகுதியிலிருந்து ஒரு வீட்டு வழக்கு வந்தது. வாதி மளிகைக்கடை வேலாயுதம். பிரதிவாதி அவர் வீட்டில் குடியிருந்த லெட்சுமி என்ற விதவை. தலைமுறைகளாகத் தமிழ் மறந்து தங்களுக்கே உரிய மலாய் பேசும் மலாக்காச் செட்டி சமூகத்துப் பெண். ஊரில் எல்லோரும் மரியாதையாக பீபிக் என்பார்கள். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயா சட்டை, வாயில் மலாய். வீடு என்றைக்கும் உனக்குத்தான் என்று வேலாயுதத்தின் தகப்பனார் வாய்வார்த்தையாகச் சொன்னதைத் தவிர அந்த அம்மாளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. சாட்சி சொல்லி முடித்தால் அந்த வாரமே தெருவுக்கு வரவேண்டியதுதான்.

பீபிக்கின் மகன் செங் என்ற ஊரில் வீடு கட்டுகிறான், கூரை ஏறும்வரை தவணை வேண்டும் என்று அவர் வக்கீல் கேட்டார். கூரைக்காகத் தவணை கொடுக்க விதி இல்லை என்று நீதிபதி மறுத்தார். பீபிக் கூண்டில் ஏறினார்.

சாட்சிப் பட்டியலில் 'இந்தியர்' என்று இருந்ததால் என்னை அழைத்தார்கள். தமிழில் பெயர் கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பரிவோடு பார்த்து, "சாயா தா தாவு தமில், துவான்" என்றார். தமிழ் தெரியாது என்பதை மலாயில் சொன்னதால், அதை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரமில்லை என்று நீதிபதியிடம் தெரிவித்தேன். மலாய் மொழிபெயர்ப்பாளர் ஹம்சாவைக் கூப்பிட்டார்கள். பட்டியலில் இருப்பவர் இந்தியர், பேசுவதும் தாம் தேர்வெழுதிய மலாய் அல்ல என்று அவர் கையை விரித்தார்.

வேலாயுதம் எழுந்தார். "ஐயா, இந்தம்மா தினமும் என் கடையில மலாய்லதான் பேரம் பேசுது. எனக்குப் புரியுது, வக்கீலுக்குப் புரியுது, வாசல்ல நிக்கிற போலீஸ்காரருக்கும் புரியுது. கோர்ட்டுக்கு மட்டும் புரியலன்னா எப்படிங்க?"

அவர் தமிழில் பேசியதால் நான் மொழிபெயர்த்தேன். நீதிபதி முழுவதையும் எழுதிக்கொண்டார். பிறகு, சாட்சியின் மொழியில் ஐயம் எழுந்திருப்பதால் தலைநகருக்கு எழுதி விளக்கம் கேட்கப்படும், பதில் வரும்வரை வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

சில மாதங்களில் தலைநகர் முத்திரையோடு ஓர் உறை வந்தது. நீதிபதி அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். எங்கள் அலுவலக விதிப்படி, உறையைப் பிரித்து முத்திரை குத்தும் நாள்தான் கடிதம் வந்த நாள்.

வேலாயுதம் வாரம் தவறாமல் வந்தார். ஒருநாள் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்துவிட்டார்.

"அந்தக் கவர்தானே மேசை மேல இருக்கு?"

"கவர் வந்திருக்கு முதலாளி. பதில் இன்னும் வரல."

"பதில் எங்க இருக்கு?"

"கவருக்குள்ள."

"உங்களுக்கெல்லாம் சம்பளம் வேற குடுக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் மேல் எந்தத் தப்பும் கிடையாது. அவர் கேட்டது அவருடைய வீட்டைத்தான்.

இளம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விதியை மீறித்தான் இரக்கம் காட்ட முடியும் என்று நினைப்பவர்கள் விதியை முழுவதும் படிக்காதவர்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகம் மூடும் நேரத்தில் பீபிக்கின் வக்கீல் வந்து, சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன, வீட்டுச் சாவியை வேலாயுதத்திடம் கொடுத்தாயிற்று என்றார். நீதிபதி கல்லை நகர்த்தினார். உறையைப் பிரித்து ஒரே வரியை வாசித்தார்: ஐயம் எழுந்தால் நீதிபதியே முடிவு செய்யலாம்.

"இன்னிக்குத்தான் வந்துச்சு, போடுங்க" என்று தமிழிலேயே சொல்லிக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். பதில் வந்த தேதியாக, பீபிக் செங்குக்குக் குடிபோன அந்தச் சனிக்கிழமையைக் குத்தினேன்.