நிக்டியில் வெடித்த நாய்கள்

பிள்ளைகளே, நீளப் பலூனை முறுக்கி நாய் செய்ய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். எல்லாம் என் மகளுக்காக.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிது. நிக்டியில் வீடு. சாயங்காலமானால் கீழே பிள்ளைகள் மராத்தியில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். இவள் பால்கனியில் நின்று பார்ப்பாள்.

"கீழ போய் வெளையாடு சாமி."

"என்னை யாருமே கூப்பிடறதில்லீங்கப்பா."

அப்போது கணபதி பண்டிகை வந்தது. குடியிருப்பில் பந்தல் போட்டார்கள். தினமும் ஆரத்தி முடிந்ததும் ஒரு வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும். நான் பலூன் நாய் என்று பெயர் கொடுத்தேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் அவளோடு சேர்ந்துவிடுவார்கள் என்று நினைப்பு.

வீட்டில் வாயால் ஊதி ஊதிப் பழகினேன். நாய் நன்றாகவே வந்தது.

"ஏனுங்க, கன்னம் வீங்கிப் போச்சு. இதோடயா வேலைக்குப் போவீங்க?" என்று என் மனைவி சிரித்தாள்.

அதனால் பந்தலுக்குக் கைப்பம்பு வாங்கிப் போனேன். நான் கம்பெனியில் காற்றுக்குழாய் சோதிக்கிறவன். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் குழாயைக் கழித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பலூனையும் நுனிவரை விறைப்பாக நிரப்பி, பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

"மூக்குக்கு ஒரு முறுக்கு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பட்! காதுக்கு முறுக்கினேன். என்னுடையதும் பட்! பந்தல் முழுக்கப் பட்பட்டென்று வெடித்தது. ஒரு குட்டிப்பையன் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான். ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்து, "காகா, குத்ரா குடே?" என்றாள். மாமா, நாய் எங்கே என்று கேட்கிறாள்! எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். சிலர் எழுந்து போகவும் ஆரம்பித்தார்கள்.

என் மகளின் முகம் சுருங்கிவிட்டது. இனி இவள் கீழே வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, வீட்ல நீங்க ஊதறப்ப முழுசா ஊத முடியாது. நுனியில வால் மாதிரி காத்தில்லாமத் தொங்கும். இதுல அது இல்லீங்களே?"

ஆமாம்! முறுக்கும்போது காற்று நகர்ந்து போக இடம் வேண்டுமே. வீட்டில் மூச்சு போதாமல் தானாக நடந்த காரியத்தைப் பம்பு கெடுத்துவிட்டது.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஒரு பலூனின் முடிச்சை அவிழ்த்து, புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை விட்டுக் கட்டினாள். மூக்கு, காது, கழுத்து, கால் என்று முறுக்கினாள். வெடிக்கவில்லை. நாயைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பில் கைவைத்த சிறுமி முதல் ஆளாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஆளாளுக்குப் பலூனை அவளிடம் நீட்டினார்கள். அவளுக்கு மராத்தி வராது. பலூனைக் காட்டி, கொஞ்சம் காற்று என்பதை அரைகுறை இந்தியில், "தோடா ஹவா... புஸ்ஸ்!" என்றாள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பந்தல் முழுக்கப் புஸ்ஸ், புஸ்ஸ் என்று ஒரே சத்தம். ஒட்டகம் மாதிரி ஒன்று, எலி மாதிரி ஒன்று என்று விதவிதமாக நாய்கள் பிறந்தன.

மறுநாள் சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. வாசலில் நாலைந்து பேர், கையில் சுருங்கின பலூன்கள். நான் உற்சாகமாகப் பம்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"நீங்க வேண்டாம் காகா, அவளை அனுப்புங்க" என்றார்கள் இந்தியில்.

அவள் அதற்குள் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிவிட்டாள்.