கீழே நிற்கிற செங்கோடன்

எழுந்திருக்கும்போது செங்கோடன் இப்போதெல்லாம் அவசரப்படுவதில்லை. முதலில் கட்டிலில் உட்காருகிறார். காலைத் தொங்கப்போட்டு, வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். குழி விழுந்தால், "இன்னும் இருக்குதுங்க" என்று யாருக்கோ தகவல் கொடுப்பதுபோலச் சொல்கிறார். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்து, கொஞ்சம் நின்று, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகுதான் நடக்கிறார். போன வருஷம் வரை குரங்குக்கே மரமேறக் கற்றுக்கொடுத்த மனுஷன்! பக்கத்துத் தோட்டத்துக்காரனான எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் குண்டூர் நாட்டில் மிளகு பறிக்க அவரைக் கூப்பிடாத தோட்டம் கிடையாது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி எவ்வளவு உயரம் போயிருந்தாலும், கால் வைக்கப் பக்கக் கிளைகளைக் குச்சியளவு விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பையோடு ஏறிவிடுவார். ஆள் குள்ளம், பேச்சு நீளம். கீழே நிற்பவர்களை மேலிருந்து கிண்டல் செய்வது அவருக்கு இஷ்டமான வேலை. "ஏனுங்க, உச்சந்தலையில வழுக்கை விழுந்திருச்சாட்ட இருக்குது, மேல இருந்து பாத்தாத்தான் தெரியுது" என்று ஒருமுறை ஊரறிய என் மானத்தை வாங்கினார்.

சொந்தத் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் ஒரு மரத்தில் மட்டும் அவர் கடைசியாகத்தான் ஏறுவார். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பெரக்கரை நாட்டில், ஒரு தகரக் கூரை தெரியும். மகள் யமுனாவைக் கட்டிக்கொடுத்த வீடு. "கண்ணூ..." என்று அங்கிருந்து ஒரு குரல் கொடுப்பார். அவள் வாசலுக்கு ஓடிவந்து, "அப்போவ்!" என்பாள். அவ்வளவுதான். சாப்பிட்டாயா, சுகமா, எதுவும் கிடையாது. எங்கள் சந்தை ஊரான சோளக்காட்டில் போன் பூத் வந்துவிட்டது. அவள் ஊருக்கு இன்னும் கம்பி போகவில்லை. நடந்தால் பள்ளம் இறங்கி மேடு ஏற அரை நாள் ஆகும். "நடந்து போனா விருந்தாளிங்க. மரத்து மேல நின்னு கூப்புட்டாத்தான் அப்பன்" என்பார்.

அந்தக் குரலுக்குத்தான் முதல் மாத்திரை வேட்டு வைத்தது. பிரசருக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓயாத வறட்டு இருமல். மரத்து உச்சியில் நின்று "கண்" என்பார், மீதியை இருமல் தின்றுவிடும். யமுனா வாசலுக்கே வரமாட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார். மிளகு நெடி என்றார். பச்சை மிளகு அப்படி நெடி அடிக்காது, எனக்குத் தெரியாதா?

ஆசுபத்திரி டாக்டரம்மா, இருமலுக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்று சொல்லி, அதை நிறுத்திவிட்டு மஞ்சள் மாத்திரை கொடுத்தார். செங்கோடன் கொள்கை வேறு. அவர்கள் வீட்டில் புதுச் சாமை வந்தால் குதிரின் அடியில் ஒரு கை பழசை விட்டுவைத்து, அதன்மேல்தான் கொட்டுவார்கள். குதிர் ஒருநாளும் வெறுமையாகக் கூடாது. அதே முறைப்படி மஞ்சள் மாத்திரையைப் பழைய டப்பாவில் வெள்ளையின்மேல் கொட்டி, தினம் இரண்டிலும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். இருமல் போகவில்லை, போதாக்குறைக்குத் தலைசுற்றல் வேறு. ஒருநாள் ஏணியின் பாதியில் கண் இருட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே சறுக்கி இறங்கினார். நெஞ்சுத் தோல் உரிந்ததோடு போயிற்று, நல்லவேளை.

அவர் மனைவி அத்தாயி அக்கா டப்பாவையும் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். டப்பாவைத் திறந்த டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ரெண்டும் சேந்து பிரசரை ஒரேயடியா இறக்கிடுச்சு. வெள்ளையை இனிமே தொடாதீங்க. மஞ்சளை நீங்களா நிறுத்தவும் கூடாது. இருமல் மெல்லத்தான் போகும். படுத்திருந்தா உக்காந்து, அப்புறம் எந்திரிங்க. கால் வீக்கத்தை அடுத்த தடவை வந்து காட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் மரம் ஏறக் கூடாது."

"ஒரே ஒரு மரமுங்க, டாக்டரம்மா."

"ஒரு மரமும் கூடாது."

வெளியே வந்ததும் அத்தாயி அக்கா பிடித்துக்கொண்டார். "சாமையும் மாத்திரையும் ஒண்ணுங்களா? உழுந்திருந்தா நானு யாரைக் கூப்புடறது?"

இப்போது இருமல் அடங்கிவிட்டது. குரல் திரும்பிவிட்டது, தினம் மாட்டை அதட்டி அதைச் சோதித்துக்கொள்கிறார். ஏறத்தான் இன்னும் உத்தரவு வரவில்லை. இந்தத் தையில் மற்ற மரங்களை வேறு ஆட்கள் பறித்துவிட்டார்கள். அந்த ஒரு மரத்தை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. கொத்தெல்லாம் பழுத்துச் சிவந்து உதிர்கிறது. மூங்கில் ஏணி சாய்த்தது சாய்த்தபடி நிற்கிறது. சாயங்காலமானால் அதன் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நேற்று நானும் அத்தாயி அக்காவும் அங்கே இருந்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "அப்போவ்..." யமுனாதான். காத்துக் காத்துப் பார்த்து, அவளே கூப்பிட்டுவிட்டாள்.

செங்கோடன் துள்ளி எழப்போனார். "ஏனுங்க!" என்றார் அத்தாயி அக்கா. மறுபடி உட்கார்ந்தார். காலை நீட்டி மடக்கி, ஏணியைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்றார். வலது கால் தானாக முதல் குச்சியில் ஏறியது. மனைவியைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தார். காலை எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, "கண்ணூ..." என்று நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, அதே கைகளைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.